நீலப் பூக் கோப்பை

யாழ்ப்பாணத்தில் சோறு போட்டுச் சாப்பிடுகிற தட்டை நாங்கள் கோப்பை என்போம். தேத்தண்ணி குடிப்பது பேணியில். சுவீடனுக்கு வந்து நாற்பது வருடத்தை நெருங்கியும் என் வாயில் இந்தச் சொற்கள் மாறவில்லை. என் சமையலறை அடுக்கில் இப்போது பதினொரு கோப்பைகள் இருக்கின்றன. வெள்ளைப் பீங்கான், அதில் நாலு இதழ் நீலப் பூக்கள், நடுவில் ஒன்றுமில்லாத வெளி. சோறு போட்டால் பூக்கள் விளிம்பில் நின்று பார்க்கும். ஒவ்வொன்றையும் எந்தச் சந்தையில், எந்த மழை நாளில் வாங்கினேன் என்று என்னால் சொல்ல முடியும். இதே கோப்பைகளில் ஆறை 1987 இல் நானே ஒரு வாழைப்பழப் பெட்டியில் அடுக்கிக் குப்பை அறையில் கொண்டுபோய் வைத்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாங்கள் வந்து இறங்கியது 1986 தை மாதம். யோத்தபோரி நகரத்துக்கு வடகிழக்கே ஒரு சிற்றூரில், கொம்மூன் என்ற உள்ளூராட்சி எங்களுக்கு ஓர் அறையும் குசினியும் உள்ள வீடு தந்தது. வெளியே முழங்கால் உயரப் பனி. உள்ளே கட்டில், மேசை, இரண்டு கதிரை. குசினி அலுமாரியைத் திறந்தால் ஒன்றோடொன்று சேராத பாத்திரங்கள்: நீலப் பூப் போட்ட ஆறு கோப்பைகள், அதே பூவோடு ஆழமான ஒரு கிண்ணம், பச்சை இலைகள் வரிசையாக நிற்கிற இரண்டு பேணிகள், மண்ணிறத்தில் ஒரு சட்டி. ஊர்ச்சனங்கள் தங்கள் வீடுகளில் மிஞ்சியதைக் கொண்டுவந்து கொடுத்ததாக, எங்களைக் கூட்டிவந்த பெண் சொன்னார். அவர் அதைச் சந்தோசமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது. ஆரோ சாப்பிட்டு அலுத்துப்போன கோப்பைகள். கொதிதண்ணியில் மூன்று தரம் கழுவினேன். கழுவியும் முதல் வாய்ச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு விறாந்தையில் அம்மாவின் கண்ணாடி அலுமாரி இருந்தது. அதற்குள் றோசாப்பூவும் பொன்கோடும் போட்ட ஆறு பேருக்கான தேத்தண்ணிச் செற். கொழும்பில் கிளாக்கராக இருந்த அப்பா, கல்யாணம் முடிந்த வருடம் வைக்கோல் வைத்துக் கட்டி, யாழ்தேவி ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது. எனக்குத் தெரிய அது மூன்று தரம்தான் வெளியே வந்தது. அக்காவைப் பெண்பார்க்க வந்த அன்று; பள்ளிக்கூடத்து அதிபர் வந்த அன்று; அப்பா ஓய்வுபெற்ற அன்று. மற்ற நாள்களில் எங்களுக்கு எனாமல் கோப்பைகள். விளிம்பில் பூச்சு உடைந்து கறுப்பு இரும்பு தெரியும். நல்ல சாமான் என்பது பூட்டி வைக்கிற சாமான். பாவிக்கிற சாமான் நல்ல சாமான் இல்லை. இந்தப் பாடத்தை நான் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகுவதற்கு முன்பே படித்துவிட்டேன்.

1987 இல் என் கணவருக்கு யோத்தபோரியில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. நகரத்துக்கு மாறினோம். முதல் மாதச் சம்பளத்தில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: புதுக் கோப்பைகள். வெள்ளை, விளிம்பில் பொன்கோடு, இருபத்துநாலு உருப்படி. பெட்டி பிரித்த வாசம் போகும் முன்பே பழையவற்றை வாழைப்பழப் பெட்டியில் போட்டுக் கீழே குப்பை அறையில் வைத்துவிட்டு வந்தேன். ஆழமான கிண்ணம் மட்டும் தப்பியது. முதல்நாள் இரவு அதில் உழுந்து ஊறப்போட்டிருந்தேன்.

பொன்கோடு இரண்டு வருடத்தில் அழிந்தது. அதற்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. பொன்னை மெருகுக்கு மேலேதான் பூசுவார்கள். குறைந்த சூட்டில் மறுபடி சுட்டு ஒட்டவைப்பார்கள். கழுவக் கழுவ அது தேயும். கோபால்ட் நீலம் அப்படியில்லை. பீங்கானைச் சுடுகிற உச்சச் சூட்டையே தாங்கும் நிறம் அது. அதனால்தான் மெருகுக்கு அடியில் தீட்டுகிறவர்கள் நீலத்தையே நம்பினார்கள். என் உழுந்துக் கிண்ணத்தின் பூ அன்று இருந்த நீலத்திலேயே இன்றும் இருக்கிறது.

1991 இல் நான் முதியவர்களை வீட்டில் போய்ப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தேன். காலையில் ஐந்து வீடு, பின்னேரம் நாலு வீடு. மருந்து கொடுப்பது, குளிக்க வார்ப்பது, சாப்பாட்டைச் சூடாக்குவது, பாத்திரம் கழுவுவது. அதில் ஒரு வீட்டில் தனியாக இருந்த மூதாட்டி, தன் இளமைக் காலத்தை லிட்ஷோப்பிங் பீங்கான் தொழிற்சாலையில் கழித்தவர். ஒருநாள் அவருடைய கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீலப் பூ. என் கை ஒரு கணம் நின்றதை அவர் கவனித்துவிட்டார்.

"திருப்பிப் பார்" என்றார்.

திருப்பினேன். அடியில் மூன்று கிரீடங்கள், ரோர்ஸ்ட்ராண்ட் என்ற பெயர், சுவீடன் என்ற சொல். முத்திரையின் குறுக்கே மெல்லிய ஒரு கீறல்.

"அந்தக் கீறலைப் போட்டது என் வேலை" என்றார்.

அவர் தரம் பிரிக்கும் பகுதியில் இருந்தவர். சூளையிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்களாம். மெருகில் ஓர் ஊசிமுனைக் குழி, பூவின் ஓர் இதழில் சிறு விலகல், விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத வளைவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் முத்திரையில் கீறி இரண்டாம் தரத்துக்குத் தள்ளவேண்டும். இரண்டாம் தரத்தைத் தொழிலாளர் மலிவாக வாங்கலாம். அதனால் அவர் வீட்டில் இருந்த அத்தனை கோப்பையிலும் கீறல். "முப்பது வருடம் இதில் சாப்பிடுகிறேன். இதில் என்ன குறை என்று கீறினேனோ, என்னால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை" என்றார்.

பிறகு கோப்பையை ஐந்து விரல் நுனியில் ஏந்தி, மற்றக் கையின் விரல் மொழியால் மெல்லத் தட்டினார். கிண் என்றது. "கேட்டாயா? உள்ளே வெடிப்பு இருந்தால் இப்படிச் சொல்லாது, தொண்டை கட்டினமாதிரிச் சொல்லும்." எனக்குச் சட்டென்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை நினைவுக்கு வந்தது. அம்மா மண்சட்டி வாங்கும்போது இப்படித்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி, காதோடு பிடித்துத் தட்டுவார். சட்டிக்காரி சிரித்துக்கொண்டு பார்த்திருப்பாள். அம்மா ஒன்றும் பேசமாட்டார். சத்தம் பிடித்தால்தான் விலை கேட்பார். பீங்கானைப் பற்றி அறியவேண்டிய முதல் பாடத்தை நான் ஏற்கெனவே அறிந்திருந்தேன். வேறு ஊரில், வேறு மண்ணில் படித்ததால் அது பாடம் என்று தெரியவில்லை.

அந்த மூதாட்டியிடமிருந்துதான் அந்தப் பூவின் பெயரும் தெரிந்தது. மோன் அமி. பிரெஞ்சில் என் சிநேகிதி என்று பொருள். வரைந்தவர் மரியான் வெஸ்ட்மன். 1928 இல் பிறந்தவர். 1950 இல், இருபத்திரண்டு வயதில் ரோர்ஸ்ட்ராண்ட் தொழிற்சாலைக்கு வந்து 1971 வரை அங்கே இருந்தார். 1952 இல் சந்தைக்கு வந்த இந்தப் பூ சுவீடனின் வீடு வீடாகப் போனது. 1956 இல் அவர் செய்த பிக்னிக் என்ற வரிசையில் காய்கறியும் மீனும் கீரையும் கோட்டுச் சித்திரமாகப் பாத்திரங்களில் ஏறின. சமைக்கிறவளின் கண்ணால் பார்த்து வரைந்தது என்று அவற்றைப் பார்த்தாலே தெரியும்.

இந்தப் பாத்திரங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதை அறிய நான் நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். சுவீடிஷ் மொழியில் நான் முதன்முதல் முழுதாக வாசித்த புத்தகங்கள் பீங்கான் பற்றியவை. அவற்றில் ஒரு கதை என்னை இருத்திவிட்டது.

1899 இல் எல்லன் கேய் என்ற பெண் எழுத்தாளர், அனைவருக்கும் அழகு என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். அழகு பணக்காரரின் வரவேற்பறைக்கு மட்டும் உரியதல்ல, ஏழையின் குசினிக்கும் உரியது என்பது அவருடைய கட்சி. 1917 இல் ஸ்டாக்ஹோமின் லில்ஜெவால்க் கலைக்கூடத்தில் சிறிய வீடுகளுக்கான பொருள்களை வைத்து ஒரு கண்காட்சி நடந்தது. குஸ்தாவ்ஸ்பெரி பீங்கான் தொழிற்சாலையில் அந்த வருடம்தான் சேர்ந்திருந்த வில்ஹெல்ம் கோகே, தொழிலாளர் குடும்பங்களுக்கென்று நீலப் பூப் போட்ட எளிமையான ஒரு சாப்பாட்டு வரிசையை அங்கே வைத்தார். தொழிலாளர் வரிசை என்றே அதற்குப் பெயர் வந்தது. இரண்டு வருடம் கழித்து, 1919 இல், கிரெகோர் பவுல்சன் இந்த முழு இயக்கத்துக்கும் ஒரு முழக்கம் கொடுத்தார்: அன்றாடப் பாவனைக்கு இன்னும் அழகான பொருள்கள்.

ஆனால் தொழிலாளர் வரிசையைத் தொழிலாளர் வாங்கவில்லை. படித்த, வசதியான நடுத்தரக் குடும்பங்கள்தான் விரும்பி வாங்கின. கோகே மறுபடி முயன்றார். 1933 இல் பிரக்டிகா என்ற வரிசையைச் செய்தார். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கலாம், சிறிய அலுமாரியில் வைக்கலாம், முழுச் செற்றாக இல்லாமல் ஒவ்வொன்றாக வாங்கலாம். அதுவும் நினைத்தபடி விற்கவில்லை. காரணத்தைப் புத்தகங்கள் பலவிதமாக எழுதுகின்றன. எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வாழ்நாள் முழுக்க உழைத்து ஒரு செற் வாங்கப்போகிறவள், பணக்கார வீட்டில் பார்த்த பொன்கோட்டைத்தான் கேட்பாள். எளிமையை விரும்பித் தெரிவதற்கு, எளிமையைத் தவிர வேறு எதுவும் கையில் இருக்கவேண்டும். நான் நீலப் பூவைக் குப்பை அறையில் வைத்துப் பொன்கோட்டை வாங்கிய அன்று, 1917 இல் அந்தக் கண்காட்சியைத் தாண்டிப் போன சுவீடன் தொழிலாளியின் மனைவியும் என்னோடு படியேறி வந்திருக்கிறாள்.

பிறகு காலம் திரும்பியது. இரண்டாம் உலகப் போரில் சேராததால் சுவீடனின் சூளைகள் உடையாமல் மிஞ்சின. புதுக் குடியிருப்புகள் எழுந்தன, சம்பளம் உயர்ந்தது, எளிமையான வடிவம் புதுக் குசினிகளுக்குப் பொருந்தியது. 1954 முதல் 1957 வரை ஸ்காண்டினேவிய வடிவமைப்புக் கண்காட்சி ஒன்று அமெரிக்காவையும் கனடாவையும் சுற்றிவந்தது. பின்லாந்தில் காய் பிராங்க் 1953 இல் கில்டா என்ற வரிசையைக் கொண்டுவந்தார். பூவும் இல்லை, கோடும் இல்லை; வட்டமும் சதுரமும் நிறமும் மட்டும். உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் வாங்கிச் சேர்க்கலாம். 1955 இல் ஹெல்சிங்போரியில் நடந்த பெரிய கண்காட்சியில் ஸ்டீக் லிண்ட்பெரி, தெர்மா என்ற கறுத்த மண்ணிறச் சட்டிகளைக் காட்டினார். அடுப்பிலும் வைக்கலாம், அப்படியே மேசைக்கும் கொண்டுவரலாம் என்று எல்லாரும் வியந்தார்கள். அந்தப் பக்கத்தை வாசித்தபோது அம்மாவின் மீன்குழம்புச் சட்டி என் கண்முன்னால் வந்தது. அடுப்பிலிருந்து இறங்கி, புரிமணையில் ஏறி, நேரே எங்கள் நடுவில் வந்து இருக்கும் சட்டி. சிற்றூர் வீட்டு அலுமாரியில் கிடந்த மண்ணிறச் சட்டியும் தெர்மாதான் என்று அப்போது புரிந்தது. அதுவும் வாழைப்பழப் பெட்டியில் போனது.

லிண்ட்பெரியின் பச்சை இலைப் பேணிகளுக்கு பெர்ஷோ என்று பெயர், இலைப்பந்தல் என்று சொல்லலாம். 1960களின் தொடக்கத்தில் வந்து 1974 வரை செய்யப்பட்டவை. இன்று ஒரு பேணியும் தட்டும் சேர்த்து நல்ல விலை கேட்கிறார்கள். 1990களில் நான் லொப்பிஸ் என்று இங்கே சொல்லும் பழஞ்சாமான் சந்தைகளுக்குப் போகத் தொடங்கிய காலத்தில், ஐந்து குரோனருக்கு ஒரு மோன் அமிக் கோப்பை வாங்கியிருக்கிறேன். சனி காலை, கோவில் மண்டபமோ பள்ளிக்கூட விளையாட்டறையோ, நீள மேசைகள், கோப்பி வாசம். இறந்துபோன ஒருவரின் வீடு முழுவதும் பழப்பெட்டிகளில் வந்து இறங்கியிருக்கும். நான் கோப்பையைத் திருப்புவேன், வெளிச்சத்தில் பிடிப்பேன். நல்ல போர்சலின் என்றால் பின்னால் வைத்த விரலின் நிழல் தெரியும். பிறகு தட்டிக் கேட்பேன். முத்திரையில் கீறல் இருந்தால் விற்பவர் விலையைக் குறைப்பார். நான் கீறல் உள்ளதைத்தான் முதலில் எடுப்பேன். யாரோ ஒருத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தன் கையால் தொட்ட அடையாளம் அது. முதல் தரத்தில் அந்தக் கை இல்லை.

சேர்க்கத் தொடங்கினால் கண் நாலு பக்கமும் போகும். என்னால் வாங்க முடிந்தவற்றில் அருமையானது பெர்ண்ட் பிரிபெரி செய்த ஒரு சின்னஞ்சிறு குடுவை. பெருவிரல் உயரம். பிரிபெரி 1934 இல் குஸ்தாவ்ஸ்பெரிக்கு வந்து மற்றக் கலைஞர்களின் வடிவங்களைச் சக்கரத்தில் வனைந்து கொடுத்தவர். பின்னர் தன் பெயரில் வனைந்தார். வடிவத்தையும் மெருகையும் பிறர் கையில் கொடுக்காமல் தானே செய்தார். அவருடைய மெருகுக்கு முயல்மயிர் என்று பெயர். மண்ணிறத்துக்குள் மெல்லிய கோடுகள் வழிந்து இறங்கும். தொட்டால் கல்லா தோலா என்று விரலுக்கு ஐயம் வரும். அந்த மெருகின் மூலம் ஆயிரம் வருடத்துக்கு முந்திய சீனத்துச் சோங் அரசர் காலம். அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அம்மம்மாவின் ஊர் அல்லைப்பிட்டி. பண்ணைப் பாலம் தாண்டி, கடல் இரண்டு பக்கமும் மின்ன, தாளம்பற்றைகள் நிற்கிற மணல் ஊர். 1977 இல் அந்த மணலுக்கடியிலிருந்துதான் சோங் காலத்துச் சீனப் பீங்கான்கள் ஓடு ஓடாக வெளியே வந்தன. சிறுபிள்ளையாக நான் ஓடி விளையாடிய மணல். எந்தப் பீங்கானைப் பார்த்து ஒரு சுவீடன்காரர் தன் வாழ்நாளைச் செலவிட்டாரோ, அதன் காலத்துப் பீங்கானுக்கு மேலே நான் கிளித்தட்டு விளையாடியிருக்கிறேன். வந்தேறிய நாட்டின் பொருளைச் சேர்க்கிறேன் என்று எண்ணியிருந்தேன். கடல் எல்லாத் திசையிலும் பாத்திரம் சுமந்திருக்கிறது.

2005 கடைசியில் அந்தச் செய்தி வந்தது. 1726 இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கி, யோத்தபோரி வழியாக வேனெர்ன் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்த ரோர்ஸ்ட்ராண்ட், லிட்ஷோப்பிங்கில் தன் சூளைகளை நிறுத்துகிறது. உற்பத்தி ஹங்கேரிக்கும் இலங்கைக்கும் போகிறது.

வேலை முடிந்து றாம் வண்டியில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டு வந்தேன். இலங்கை என்ற சொல்லை நான் சுவீடிஷ் பத்திரிகையில் பார்ப்பது பெரும்பாலும் போர்ச் செய்தியில். அன்று அது பீங்கான் செய்தியில் இருந்தது. இறங்கவேண்டிய தரிப்பில் இறங்க மறந்துபோனேன். அந்தத் தொழில் அங்கே போவதற்கு நியாயம் உண்டு என்று அறிவு சொன்னது. பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடையிலும் நல்ல வெள்ளைக்களி இருக்கிறது, மாத்தளைப் பக்கத்தில் பெல்ஸ்பார் இருக்கிறது, பீங்கான் பழகிய கைகள் 1970களிலிருந்து இருக்கின்றன, கூலி குறைவு. கூலி குறைவு என்ற அந்தக் கடைசிக் காரணத்தில்தான் மனம் நின்றது. தொழிலாளிக்கு அழகான பாத்திரம் கிடைக்கவேண்டும் என்று தொடங்கிய பயணம், அதைச் செய்கிற தொழிலாளி அதை வாங்க முடியாத இடத்தில் வந்து நிற்கிறது. லிட்ஷோப்பிங்கில் வேலை இழந்தவர்களையும் நினைத்தேன். தலைமுறையாகச் சூளையைப் பார்த்து வளர்ந்த ஊர் அது. என் மூதாட்டி அதற்குப் பல வருடம் முன்பே கண்ணை மூடிவிட்டார். இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. கீறல் போடுகிற ஊசி இனி என் நாட்டில் ஒரு பெண்ணின் கையில் இருக்கும் என்று மட்டும் அவரிடம் சொல்ல ஆசைப்பட்டேன். அவள் எந்த மொழி பேசுகிறவளாக இருந்தாலும், அவளுக்கும் அந்தக் கீறலைப் போடும்போது கை கூசும்.

அடுத்த கோடையில் லிட்ஷோப்பிங்குக்குப் போனேன். ஏரிக்காற்று. செங்கல் கட்டடம் அமைதியாக நின்றது. அங்கேயே இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது. மோன் அமி கண்ணாடிக்குள் இருக்கிறது. 2008 இல், வெஸ்ட்மனின் எண்பதாவது வயதில், அந்தப் பூவை மறுபடி புதிதாகச் செய்து சந்தைக்கு விட்டார்கள். இன்று இளம் குடும்பங்கள் அதைக் கல்யாணப் பரிசாகக் கேட்கின்றன. நான் எறிந்தது நாகரிகமாகிவிட்டது.

அந்தக் காலத்துக்குள் நானும் மாறியிருந்தேன், ஆனால் நல்ல வழியில் அல்ல. பன்னிரண்டு கோப்பை சேர்ந்ததும் அவற்றுக்கென்று கண்ணாடி அலுமாரி ஒன்று வாங்கினேன். உள்ளே வெளிச்சம் போட்டேன். ஆட்கள் வந்தால் திறந்து காட்டுவேன், திருப்பி முத்திரை காட்டுவேன், மறுபடி பூட்டுவேன். நாங்கள் சாப்பிட்டது கடையில் வாங்கிய சாதாரணக் கோப்பைகளில். மகள் ஒருநாள் கேட்டாள்: "அம்மா, உதிலை எப்ப சாப்பிடுறது?" நான் பதில் சொல்லவில்லை.

போர் முடிந்த பின், 2010 இல் ஊருக்குப் போனேன். பன்னிரண்டில் ஒரு கோப்பையை உடுப்புகளுக்கு நடுவில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். அம்மாவுக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. வீட்டு விறாந்தையில் அலுமாரி இல்லை. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, அம்மா தேத்தண்ணிச் செற்றைச் சேலையில் சுற்றி, தேசிமரத்தடியில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டுப் போனார் என்று கடிதத்தில் அறிந்திருந்தேன். அடுத்த வருடம் திரும்பி வந்து கிளறியபோது இரண்டு பேணிகள் மட்டும் மிஞ்சியிருந்தனவாம், இரண்டிலும் பிடி இல்லை.

அதில் ஒன்றில்தான் எனக்குத் தேத்தண்ணி தந்தார். றோசாப்பூ அப்படியே இருந்தது. பிடி இல்லாததால் இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்துக் குடித்தேன். என் வாழ்நாளில் அந்தப் பேணியில் நான் குடித்த முதல் தேத்தண்ணி அது.

கோப்பையை எடுத்துக் கொடுத்தேன். அம்மா திருப்பிப் பார்க்கவில்லை. முத்திரை அவருக்கு எதற்கு. காதோடு பிடித்து, விரல் மொழியால் தட்டினார். கிண் என்றது.

"நல்ல சாமான். வெடிப்பில்லை" என்றார். பிறகு, "என்ன விலை பிள்ளை?" என்று கேட்டார்.

விலையைச் சொன்னேன். முதலில் இதே கோப்பை ஆறை எறிந்ததையும், பிறகு தேடித் தேடி வாங்கியதையும், இப்போது அலுமாரியில் பூட்டி வைத்திருப்பதையும் சொன்னேன். அம்மா சிறிது நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் முப்பத்தஞ்சு வரியம் பூட்டித்தான் வச்சன். பிறகு தாட்டன். காப்பாத்திறன் எண்டு நினைச்சன். ஒருநாளாவது கொப்பருக்கு அதிலை தேத்தண்ணி குடுத்திருக்கலாம்" என்றார்.

அப்பா 1993 இல் போனவர்.

அன்று மத்தியானம் அம்மா அந்த நீலப் பூக் கோப்பையில்தான் சோறு போட்டார். புழுங்கலரிசிச் சோறு, முருங்கையிலை வறை, மீன்சொதி. சொதியின் மஞ்சள் பூக்களைச் சுற்றி ஓடியது. அன்றாடப் பாவனைக்கு இன்னும் அழகான பொருள்கள் என்ற முழக்கத்தை நான் எத்தனையோ புத்தகத்தில் வாசித்திருந்தேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது தொண்ணூறு வருடம் கழித்து, யாழ்ப்பாணத்தில், அம்மா வெறுங்கையால் சோறு குழைத்துக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தில். அழகான பொருளைச் செய்கிறவர் பாதி வேலையைத்தான் செய்கிறார். அதில் சாப்பிடுகிறவர் மீதியைச் செய்யவேண்டும்.

திரும்பி வந்து கண்ணாடி அலுமாரியை விற்றேன். கோப்பைகள் கைக்கெட்டும் அடுக்குக்கு வந்தன. இரண்டில் விளிம்பு சற்று உதிர்ந்திருக்கிறது. ஒன்று பேரனின் கையிலிருந்து விழுந்தும் உடையவில்லை. சேர்க்கும் சிநேகிதர்கள், பாவித்தால் விலை போய்விடும் என்று எச்சரிக்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் பூட்டி வைத்தால் போவது எது என்று நான் அம்மாவிடம் பார்த்துவிட்டேன்.

அம்மா 2014 இல் கண்மூடினார். அந்தியேட்டி முடிந்த பின் அக்கா தொலைபேசியில் கேட்டாள்: "பிள்ளை, அந்த நீலப் பூக் கோப்பை கிடக்கு. வாற ஆரிட்டையும் குடுத்து விடட்டோ? உன்ரை செற் குறையுமெல்லே."

"வேண்டாம் அக்கா" என்றேன். "நீ அதிலை சாப்பிடு."